பத்துக்கு ஆறரை

பல் டாக்டரிடம் பதினொரு வருடமாக உதவியாளராக இருக்கும் ஒருத்தி, ஊர்க் கால்பந்து அணியில் யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று ஞாயிறுதோறும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தாள் என்றால் நம்புவீர்களா? அவள் வீட்டுக்காரரே முதலில் நம்பவில்லை. ஆனால் கம்பிவேலியில் கேட்டுப் பாருங்கள், மிளகு என்ற பெயரைச் சொன்னால் போதும், தெரியாதவர் ஒருவர் இருக்கமாட்டார்.

கம்பிவேலி என்பது இணையத்தில் இருக்கும் ஒரு ரசிகர் மன்றம். எங்கள் மைதானத்தில் நாற்காலி போட்ட பக்கம் ஒன்று உண்டு, அங்கே உட்காருகிறவர்கள் நாகரிகமாகக் கைதட்டுவார்கள். வடக்கு கோலுக்குப் பின்னால் வெறும் கம்பிவேலி. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அப்படிக் கத்தியும் ஆற்றாமை தீராமல் வீட்டுக்கு வந்து எழுதுகிறவர்களின் இடம்தான் இந்த மன்றம். முன்னூறு பேருக்குக் குறையாது. எல்லோருக்கும் புனைபெயர், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வேலியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள், பக்கத்தில் நிற்பது யாரென்று அறியாமலே.

மிளகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்காருவாள். பதினொரு பேருக்கும் மதிப்பெண். "வலது பின்வரிசை: பத்துக்கு நாலு. நன்றாக ஓடினார். எதற்கு ஓடினார் என்று அவருக்கும் தெரியவில்லை." "முன்வரிசை: பத்துக்கு ஐந்து. கோல் கம்பத்தை இரண்டு முறை அடித்தார். கம்பம் பெருந்தன்மையாகத் திருப்பி அடிக்கவில்லை." இப்படிப் போகும். அவள் இதை அனுப்பிய பத்தாவது நிமிடம் ஊரில் பாதிப் பேர் செல்போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் வீட்டுக்காரர் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். "ஆறு நாளும் மத்தவங்களை வாயைத் திறக்கச் சொல்ற. ஏழாவது நாள் உன் வாய் திறந்துடுது" என்பார்.

அது உண்மைதான். வேலை செய்யும் இடத்தில் அவளைப் போலப் பதவிசான ஆளைப் பார்க்கமுடியாது. நாற்காலியைச் சாய்ப்பாள், விளக்கைத் திருப்புவாள், நோயாளியின் கழுத்தில் காகிதத் துணியைக் கட்டுவாள். பிறகு எச்சில் உறிஞ்சும் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, பதினொரு வருடமாகச் சொன்ன அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்வாள். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவோம்."

ஏன் இடது கை என்றால், டாக்டரம்மா உட்காருவது வலது பக்கம். வலி வந்த வேகத்தில் வலது கையைத் தூக்கினால் டாக்டர் கையிலிருக்கும் கருவி எங்கே போய்க் குத்தும் என்று சொல்லமுடியாது. அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்ட விதி அது.

டாக்டரம்மா கெட்டிக்காரர், கைராசிக்காரர், ஒரே ஒரு குறைதான். வேலை செய்யும்போது பேசாமல் இருக்கமாட்டார். எதிரில் இருப்பவர் வாயில் பஞ்சும் குழாயும் இருக்கும், இவர் பாட்டுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை, ஆனால் கம்பிவேலியை ஒரு வரி விடாமல் படிப்பவர். மிளகின் பரம ரசிகை. அந்த மிளகு தன் இடது பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. மிளகும் சொல்லவில்லை. முகமூடிக்குள் சிரித்துக்கொள்வாள், அந்தச் சுகமே தனி.

டாக்டரம்மாவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வாசலில் ஒரு பெட்டி, பக்கத்தில் சீட்டும் பேனாவும். வந்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிப் போடலாம். சனிக்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்து உதவியாளருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். பெரும்பாலும் ஃபேன் ஓடவில்லை என்றுதான் இருக்கும்.

இனி கோல்கீப்பர் விஷயத்துக்கு வருவோம். போன வருடம் வேறு ஊரிலிருந்து வந்தவர், நல்ல உயரம், அமைதியான ஆள். மூன்றாவது ஆட்டத்திலேயே, குழந்தை உருட்டிவிட்டதுபோல வந்த ஒரு பந்து அவர் இரண்டு கைகளுக்கும் நடுவில் நழுவி உள்ளே போனது. அன்று சாயங்காலம் மிளகு எழுதினாள். "கீப்பர் வேண்டும் என்று கேட்டோம். வாளி வாங்கி வந்திருக்கிறார்கள், அதுவும் ஓட்டை வாளி. பத்துக்கு ஒன்று. அடுத்த ஆட்டத்தில் வேறு ஆளைப் பார்க்கலாம்."

தீயாகப் பரவிவிட்டது. அடுத்த வாரமே வேலியில் முன்னூறு தொண்டைகள் "ஓட்டை வாளி!" என்று முழங்கின. மைதானத்துச் சுவரில் சாக்பீஸால் வாளி வரைந்தார்கள். அவர் நன்றாகப் பிடித்த நாளில்கூட, வாளியை இன்று பசை வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று எழுதினார்கள். மிளகுக்குப் பெருமை பிடிபடவில்லை. தான் உண்டாக்கிய ஒரு சொல் ஊர் வாயில் புழங்குவது லேசான காரியமா?

மன்றத்தைப் பார்த்துக்கொள்பவர் பெயர் வாட்ச்மேன். கெட்ட வார்த்தை இருந்தால் அழித்துவிடுவார், மற்றபடி கண்டுகொள்ளமாட்டார். மிளகு எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட அவர் அழிக்க நேர்ந்ததில்லை. "நான் இதுவரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை எழுதினதில்ல தெரியுமா" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்வாள்.

இப்படியிருக்க, பருவத்தின் கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் எதிரணிக்காரன் முழங்கை பட்டுக் கீப்பருக்கு வாயில் ரத்தம். பந்தும் உள்ளே போய்விட்டது. மிளகு அன்று எழுதியது இது. "கையால் பிடிக்க வராது என்று தெரிந்து பல்லால் பிடித்துப் பார்த்தார். அதுவும் நிற்கவில்லை. பத்துக்குப் பூஜ்யம். அடுத்த ஆட்டத்தில் வேறு ஆளைப் பார்க்கலாம்."

மறுநாள் திங்கட்கிழமை காலையில் ஓர் உயரமான மனிதர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்தார். முகத்தில் பாதி வீங்கியிருந்தது. சீட்டில் தொழில் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. எப்படி ஆயிற்று என்று கேட்டதற்கு, "விழுந்துட்டேன்" என்றார். முன்பல் ஒன்று பாதியில் ஒடிந்திருந்தது, பக்கத்துப் பல்லில் விரிசல்.

மிளகு நாற்காலியைச் சாய்த்தாள், விளக்கைத் திருப்பினாள். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவோம்" என்றாள். அவர் தலையாட்டினார். வயிற்றின்மேல் கோத்து வைத்திருந்த அவர் கைகளை அப்போதுதான் பார்த்தாள். இரண்டு கையிலும் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து வெள்ளை டேப் சுற்றியிருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் கையுறை மாட்டும்போது, வாரம் தவறாமல் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அவள் பார்க்கும் விரல்கள்.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வாயைத் திறந்து எச்சரிக்கலாம் என்பதற்குள் டாக்டரம்மா ஊசி போட்டு, மரத்ததா என்று தட்டிப் பார்த்து, கருவியை எடுத்துவிட்டார். அது கிர்ரென்று சுற்ற ஆரம்பித்ததும் டாக்டரம்மாவின் வாயும் சுற்ற ஆரம்பித்தது.

"பல்லுன்னதும் ஞாபகம் வருது. நீங்க கம்பிவேலி படிப்பீங்களா? நேத்து மிளகுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார் பாருங்க. அந்த ஓட்டை வாளி இருக்கானே, கையால பிடிக்க வராதுன்னு பல்லால பிடிச்சுப் பார்த்தானாம்!"

இடது கை மேலே எழுந்தது.

டாக்டரம்மா சட்டென்று கருவியை நிறுத்தினார். "வலிக்குதா? மரத்திருக்கணுமே." இன்னொரு ஊசி போட்டார். காத்திருந்தார். ஈறைத் தட்டிப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவர் வலிக்கவில்லை என்று தலையசைத்தார். மறுபடி கிர்ர்.

"அதுவும் நிக்கலையாம்! நான் படிச்சுட்டு டீயைத் துப்பிட்டேன் போங்க. ஓட்டை வாளின்னு பேரு வச்சதே அவர்தான் தெரியுமா..."

இடது கை மறுபடி எழுந்தது. இந்த முறை கீழே இறங்கவில்லை, அப்படியே நின்றது. டாக்டரம்மா குழம்பிப்போய்ப் பல்லைப் பார்த்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார். மிளகு நோயாளியின் கண்ணைப் பார்த்தாள். அது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஓரத்தில் ஈரம்.

"டாக்டர், வலி பல்லுல இல்ல" என்றாள் மிளகு. "பேச்சை நிறுத்திட்டு வேலையை முடிச்சுடலாம்."

பதினொரு வருடத்தில் அவள் டாக்டரம்மாவிடம் அப்படிப் பேசியதே இல்லை. அந்த ஆச்சரியத்திலேயே டாக்டரம்மா வாயடைத்துப்போய் வேலையை முடித்தார். தற்காலிகமாக ஒரு பல்லை ஒட்டிவிட்டு, "பத்து நாள் கழிச்சு வாங்க, நிரந்தரமா போட்டுடலாம்" என்றார்.

"பத்து நாள் கழிச்சு நான் இந்த ஊர்ல இருக்கமாட்டேன் டாக்டர்" என்றார் அவர், மரத்துப்போன உதட்டோடு. "ஞாயித்துக்கிழமை ஒரு வேலை பாக்கி. அதை முடிச்சுட்டுக் கிளம்பிடறேன். அந்த வேலையையே விட்டுடலாம்னு இருக்கேன்."

போகும்போது மிளகைப் பார்த்து லேசாகத் தலைகுனிந்துவிட்டுப் போனார். அவளுக்கு அங்கேயே தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலை விட்டுவிட்டுப் போகிறான். அவனை அனுப்பிவைப்பது தேநீர் குடித்துக்கொண்டே தான் எழுதிய இரண்டு சொல். கெட்ட வார்த்தை இல்லைதான். அதனால் என்ன?

சாயங்காலம் நேரே வீட்டுக்காரர் கடைக்குப் போனாள். அங்கே தரை முழுவதும் துணி விரித்திருந்தது. பன்னிரண்டு மீட்டர் நீளம். ஓர் ஓரத்தில் ஆள் உயர வாளியின் படம், மீதியில் மாட்டுவண்டி அளவு எழுத்தில் "ஓட்டை வாளி".

"வா வா, உன் எழுத்து எவ்வளவு பெருசாயிருக்கு பாரு!" என்றார் வீட்டுக்காரர். "உங்க மன்றத்துல பிரேக்னு ஒருத்தர் எழுதறாராம், அவர் கொடுத்த ஆர்டர். கடைசி மேட்ச்சுக்கு வேலியில கட்டப் போறாங்களாம். உனக்குச் சொல்லாம வச்சு அசத்தலாம்னு நினைச்சேன்."

"இதை நிறுத்துங்க."

"எதை நிறுத்தறது? மையெல்லாம் காஞ்சாச்சு."

அவள் அப்படியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் தர்மம், அதனால் யாரென்று சொல்லவில்லை. "என் பேச்சால ஒருத்தருக்கு வலிச்சதை இன்னிக்கு நேர்ல பார்த்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்காரர் அதற்குமேல் தோண்டவில்லை. வாளிப் படத்தின்மேல் ஒரு பழைய துணியைப் போட்டு மூடினார்.

மறுநாள் மிளகு மன்றத்தில் எழுதினாள். ஞாயிறு இல்லாத நாளில் அவள் எழுதியதே அதுதான் முதல் தடவை.

"நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு விதி உண்டு. வலித்தால் இடது கையைத் தூக்கலாம். தூக்கினால் நிறுத்துவோம். அதற்காக வேலையை விட்டுவிடமாட்டோம், வேறு பக்கமாக வந்து முடித்துத்தான் அனுப்புவோம். சொத்தைப் பல்லைப் பார்த்து ஆகா அழகு என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை. ஆனால் வந்தவரைச் சொத்தைவாயா என்றும் கூப்பிடுவதில்லை. ஓட்டை வாளி என்ற சொல் என்னுடையது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதற்காக மதிப்பெண்ணைக் கூட்டிவிடமாட்டேன். ஆட்டத்தைத் திட்டுவேன், ஆளைத் திட்டமாட்டேன். இங்கேயும் அந்த விதி வரட்டும். யாராவது இடது கையைத் தூக்கினால் அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிடுவோம்."

பாராட்டு மழை பொழியும் என்றா நினைக்கிறீர்கள்? அர்ச்சனை மழைதான் பொழிந்தது. மிளகு ஊறிப்போய்விட்டது என்றார் ஒருவர். கீப்பர் என்ன உனக்கு மச்சானா என்றார் இன்னொருவர். உச்சமாக ஒன்று வந்தது. "மிளகு: பத்துக்குப் பூஜ்யம். முதுகெலும்பு இல்லாமல் தட்டச்சு செய்யும் உலகின் முதல் மனிதர். அடுத்த வாரம் வேறு ஆளைப் பார்க்கலாம்." எழுதியவர் பிரேக். அச்சு அசலாக அவள் நடை, அவள் தாளம். மூன்று முறை படித்தாள். பிறகு, எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியதும் தன்மேலேயே கோபம் வந்தது.

அத்தனை வசவுக்கும் அடியில் ஒரே ஒரு வித்தியாசமான பதில். மூன்றாம் கம்பம் என்ற பெயரில் ஒருவர். மன்றத்தில் சேர்ந்து ஒரு வருடமாகியும் ஒரு வரி எழுதாதவர். அன்றும் எழுதவில்லை, உயர்த்திய கை ஒன்றின் படத்தை மட்டும் போட்டிருந்தார்.

பிரேக் ஏழாம் நம்பர் பஸ்ஸின் ஓட்டுநர் என்பது பேனர் ஆர்டரிலிருந்து தெரிந்தது. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் மிளகு அந்தப் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனாள். எல்லோரும் இறங்கிய பிறகு முன்னால் போய் நின்றாள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட, ஒடிசலான, சாதுவான ஒரு மனிதர் வாட்டர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார்.

"நீங்கதான் பிரேக்கா?"

அவர் பயந்துபோனார். "ஏங்க, புகார் ஏதாவதா?"

"நான்தான் மிளகு."

தண்ணீர் புரையேறி இருமித் தீர்த்தார். "மிளகுன்னா பெரிய மீசை வச்ச ஆளுன்னு நினைச்சேன். மன்னிச்சுக்கங்கம்மா. முதுகெலும்புன்னு எல்லாம் எழுதிட்டேனே."

"நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஆனா வலிச்சுது" என்றாள் அவள். பிறகு, ஆளைச் சொல்லாமல், நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த ஒருவர் பதில் பேச வழியில்லாமல் கையைத் தூக்கியதைச் சொன்னாள். யாரென்று பிரேக் கேட்டார். சொல்லமாட்டேன் என்றாள். அவர் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தார்.

"எங்க டிப்போவிலும் புகார்ப் புஸ்தகம் இருக்கும்மா" என்றார் மெதுவாக. "பஸ் லேட்டுன்னு எழுதினா கோபமே வராது, லேட்டுதான். தூங்குமூஞ்சின்னு ஒருத்தர் எழுதியிருந்தார். நாலு வருஷமாச்சு, வீட்ல இன்னும் சொல்லல. அதை எழுதினவர் இப்பவும் என் பஸ்ஸில் வர்றாரோ என்னவோன்னு ஒவ்வொரு முகமா பார்ப்பேன்." மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி, பேனரை என்ன பண்றது? முப்பது பேர்கிட்ட சொல்லிட்டேன். வெறுங்கையோட போனா என்னை வேலியில கட்டித் தொங்கவிட்டுடுவாங்க."

இருவரும் அதே பஸ்ஸில் திரும்பி வந்து, நேரே பேனர் கடைக்குப் போனார்கள். வீட்டுக்காரர் தாடையைச் சொறிந்துகொண்டு பன்னிரண்டு மீட்டரையும் இரண்டு முறை சுற்றி வந்தார். "வாளியை அழிக்கமுடியாது" என்றார். "ஓட்டையை வேணா அடைக்கலாம்." அன்று சாயங்காலமே "ஓட்டை" என்ற சொல்லின்மேல் புதுத் துணி வைத்துத் தைத்து, அதன்மேல் அதே அளவு எழுத்தில் "நம்ம" என்று எழுதினார். நம்ம வாளி. தள்ளி நின்று பார்த்த பிரேக், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கீழே போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும், சமன் செய்தாலே போதும், தப்பித்துவிடலாம். வேலியில் கால்வைக்க இடமில்லை. பேனரைப் பார்த்து சிலர் முறைத்தார்கள், சிலர் சிரித்தார்கள். கீப்பர் கோலுக்கு வந்து நின்றார். பேனரை ஒருமுறை படித்தார், அப்புறம் மறுபடியும் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஒன்பதாவது நிமிடம் ஒரு சாதாரணப் பந்து அவர் கால்களுக்கு நடுவில் புகுந்து உள்ளே போனது. மிளகு கண்ணை மூடிக்கொண்டாள். வேலி முழுவதும் பொங்கி எழுந்தது. "ஓட்..." என்று பழக்கதோஷத்தில் ஐம்பது தொண்டைகள் ஆரம்பித்துவிட்டன.

அப்போது கீப்பர் வேலிப் பக்கம் திரும்பினார். டேப் சுற்றிய விரல்களைக் கையுறைக்குள் மறைத்த இடது கையை நிதானமாக மேலே தூக்கினார்.

சத்தம் நடுவிலேயே அறுந்தது. ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பிரேக்தான் முதலில் கூவினார். "ஐயோ, படிக்கிறார்யா! அவர் நம்ம மன்றத்தைப் படிக்கிறார்யா!"

அந்த வார்த்தை வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. ஒரு வருடமாகத் தாங்கள் எழுதியதெல்லாம் ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும். ஒரு பெரிய மனிதர் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். இன்னொருவர், நான் லைக் மட்டும்தான் போட்டேன் என்று கேட்காமலே சாட்சி சொன்னார். மிளகு தன் இடது கையைத் தூக்கினாள். பிரேக் தூக்கினார். அப்புறம் பத்து, ஐம்பது, நூறு கைகள். அந்தப் பக்கம் நாற்காலிக்காரர்கள் வேலிக்காரர்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுந்து நின்று பார்த்தார்கள். கீப்பர் சிரித்தார். ஒட்டுப்போட்ட பல் வெயிலில் தெரிந்தது.

அதற்குப் பிறகு வேலி கத்தியது அத்தனையும் ஆட்டத்தைப் பற்றித்தான். "இடது பக்கம் காலியா இருக்கு!" "முன்னால வா, முன்னால வா!" அவரும் வந்தார். அறுபதாவது நிமிடம் எங்கள் அணி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. கடைசி நிமிடத்தில் எதிரணிக்காரன் பத்தடி தூரத்தில் தனியாக நின்று முழு பலத்தோடு உதைத்தான். கீப்பர் கையை நீட்டுவதற்குள் பந்து அவர் முகத்திலேயே மோதி வெளியே பறந்தது. கூடவே வெள்ளையாக ஏதோ சிறியதும் பறந்தது.

"பல்லு! பல்லால பிடிச்சுட்டார்!" என்று மிளகு தன்னை மறந்து கத்தினாள். போன வாரம் நக்கலாக எழுதியது இந்த வாரம் நடந்தேவிட்டது. ஆட்டம் முடிந்து விசில் ஊதியபோது, முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் முப்பது பேர் கோல் பக்கத்துப் புல்லில் மண்டிபோட்டு அந்தப் பல்லைத் தேடினார்கள்.

அன்று சாயங்காலம் மிளகு தீர்ப்பு எழுத உட்கார்ந்தாள். கை பரபரத்தது, பத்து போட்டுவிடலாம் என்று ஆசையாயிருந்தது. ஆனால் விதி விதிதான். "கோல்கீப்பர்: பத்துக்கு ஆறரை. முதல் கோலுக்கு மன்னிப்பே கிடையாது, அந்தப் பந்தை என் மகள் பிடித்திருப்பாள். காலைச் சேர்த்து வைக்கப் பழகவேண்டும். முன்னால் வருவதில் நல்ல முன்னேற்றம். கடைசிப் பந்தைப் பிடித்த விதம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை." அடுத்த ஆட்டத்தில் யாரைப் பார்க்கலாம் என்று சொல்லும் வழக்கமான கடைசி வரி இருக்கிறதே, அதை மட்டும் எழுதமுடியவில்லை. போகிறவரைப் பற்றி அடுத்த ஆட்டம் என்று எப்படி எழுதுவது? அந்த வரி இல்லாமலே அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலையில் கீப்பர் வந்தார், முன்வரிசையில் காற்றோட்டமான இடைவெளியோடு. டாக்டரம்மா ஏற்கெனவே மன்றத்தைப் படித்திருந்தார். முகம் செக்கச் சிவந்துபோய், "விழுந்துட்டேன்னு சொன்னீங்களே" என்று ஆரம்பித்து, அதற்குமேல் வார்த்தை வராமல், ஒன்றரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார். கிளினிக் திறந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. நிரந்தரப் பல்லுக்கே அளவெடுத்தாயிற்று. எப்போது வந்து போட்டுக்கொள்ள முடியும் என்று கேட்டதற்கு, "எப்ப வேணா வரேன் டாக்டர்" என்றார் அவர். போகும்போது வாசலில் நின்று ஏதோ எழுதிப் பெட்டியில் போட்டதை மிளகு கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் டாக்டரம்மா பெட்டியைத் திறந்தார். முதல் சீட்டில் ஃபேன் ஓடவில்லை. இரண்டாவதிலும் ஃபேன். மூன்றாவதை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"உதவியாளர்: பத்துக்கு ஆறரை. உறிஞ்சு குழாயைக் கன்னத்தில் ஒட்டவிடுகிறார், அதற்கு மன்னிப்பே கிடையாது. விளக்கைக் கண்ணுக்கு நேராகத் திருப்பாமல் இருக்கப் பழகவேண்டும். இடது கையைப் பற்றி மன்றத்தில் இவர் எழுதியபோதே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன், அந்த நாற்காலியில் படுத்திருந்தவன் நான் ஒருவன்தானே. கேட்பதில் நல்ல முன்னேற்றம். இப்படிக்கு, மூன்றாம் கம்பம்."

டாக்டரம்மா சீட்டிலிருந்து தலையைத் தூக்கினார். உதவியாளரைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். "ஏம்மா..." என்றார், வாய் திறந்தபடியே நின்றது. "நீயா? பதினொரு வருஷமா என் பக்கத்துல நின்னுக்கிட்டு... இடது கைன்னு படிச்சப்பகூட வேற ஏதோ கிளினிக்னு இருந்துட்டேனே, நீயா?"

மிளகுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இடது கையை மட்டும் மெல்லத் தூக்கிக் காட்டினாள்.

"இரு, பின்பக்கம் இன்னும் ஒரு வரி இருக்கு" என்று டாக்டரம்மா சீட்டைத் திருப்பினார். "அடுத்த முறையும் இவரையே பார்க்கலாம்."

மிளகு முகமூடியைக் கழற்றி அதாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செல்போனை எடுத்தாள். ஆறு நாளாகக் கடைசி வரி இல்லாமல் கிடந்த தன் தீர்ப்பைத் திறந்து, அந்த வரியையே கீழே எழுதிச் சேர்த்தாள்.